போர் முடிந்தது, வண்டிகள் ஓடின

1945ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இரண்டாம் உலகப் போர் முடிவுக்கு வந்தது. வீரர்கள் தாயகம் திரும்பக் கப்பலுக்காகக் காத்திருந்தனர். அவர்கள் பயன்படுத்திய ஜீப்புகள், லாரிகள், மண்வாரி இயந்திரங்கள், துப்பாக்கிகள் ஆகியவற்றின் கதி என்ன? பசிபிக் தீவுகளிலும் ஆசிய, ஐரோப்பிய நகரங்களிலும் அவை மலைபோல் குவிந்து கிடந்தன. இவ்வாறு தேவைக்கு மிஞ்சி நின்ற பொருள்கள் 'இராணுவ உபரி' எனப்பட்டன. இவற்றை வாங்குவதும் விற்பதும் போருக்குப் பின் ஒரு பெரிய வணிகமாக வளர்ந்தது.

ஏன் விற்றார்கள்?

போரின்போது அமெரிக்கா மட்டுமே 600,000க்கும் மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தது. அமைதி திரும்பியதும் இராணுவத்துக்கு அவ்வளவு வண்டிகள் தேவைப்படவில்லை. கடல் கடந்து சென்ற வண்டிகளைத் திருப்பிக் கொண்டுவரவோ அதிகச் செலவாகும். மேலும், பழைய வண்டிகள் உள்நாட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தால் புதிய வண்டிகளை யார் வாங்குவார்? தொழிற்சாலைகள் நட்டமடையும், தொழிலாளர்கள் வேலை இழப்பார்கள். ஆகவே, பல பொருள்கள் கிடந்த இடத்திலேயே மலிவு விலைக்கு விற்கப்பட்டன.

வாங்குவதற்கு ஆள் இல்லாத இடங்களும் இருந்தன. இன்றைய வனுவாத்து நாட்டைச் சேர்ந்த எஸ்பிரித்து சாந்தோ தீவில் அமெரிக்கப் படை பெரிய தளம் ஒன்றை அமைத்திருந்தது. அத்தீவை அப்போது பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்டன. தளத்திலிருந்த பொருள்களைக் குறைந்த விலைக்குத் தர அமெரிக்கர்கள் முன்வந்தும் ஆட்சியாளர்கள் வாங்கவில்லை. எப்படியும் விட்டுவிட்டுத்தான் போவார்கள் என அவர்கள் எண்ணியதாகக் கூறப்படுகிறது. ஆனால், அமெரிக்கர்கள் அந்த வண்டிகளையும் இயந்திரங்களையும் கடலில் தள்ளிவிட்டனர். அந்த இடம் இன்று 'மில்லியன் டாலர் முனை' என்று அழைக்கப்படுகிறது. முக்குளிப்பவர்கள் பவளம் படர்ந்த லாரிகளை அங்கே இன்றும் காணலாம்.

மணிலாவின் ஜீப்னி

பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலாவில் நடந்தது வேறு. 1945ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கி ஒரு மாதம் நீடித்த போரில் நகரின் பெரும்பகுதி இடிந்து தரைமட்டமானது. பொதுமக்களில் ஏறத்தாழ 100,000 பேர் மாண்டனர். மக்களை ஏற்றிச் சென்ற டிராம் வண்டிகளும் தண்டவாளங்களும் அழிந்தன. உயிர் பிழைத்தவர்கள் வேலைக்கும் சந்தைக்கும் எப்படிப் போவது?

அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகள் இதற்கு விடையாயின. சாதாரண ஜீப்பில் நான்கு பேர்தாம் வசதியாக அமர முடியும். பட்டறைக்காரர்கள் அதன் பின்புறத்தை வெட்டி நீட்டினர். எதிரெதிரே இரண்டு நீண்ட இருக்கைகளைப் பொருத்தினர். வெயிலுக்கும் மழைக்கும் தகரக் கூரை போட்டனர். பச்சை நிற இராணுவ வண்டி, சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசிய பயணி வண்டியாக மாறியது. அதுவே 'ஜீப்னி'. ஓட்டுநர்கள் தம் பிள்ளைகளின் பெயர்களையும் புனிதர்களின் படங்களையும் அதில் வரைந்துகொண்டனர். பின்னால் அமர்ந்திருப்பவர் கட்டணத்தை நீட்டினால், அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரைச் சென்றடையும்.

காலப்போக்கில் உபரி ஜீப்புகள் தீர்ந்துபோயின. ஆயினும், ஜீப்னி நின்றுவிடவில்லை. உள்ளூர்ப் பட்டறைகளே அதைப் புதிதாகச் செய்யத் தொடங்கின. 2017ஆம் ஆண்டு, புகையைக் குறைக்கும் நோக்கில் பழைய ஜீப்னிகளுக்குப் பதிலாகப் புதிய வண்டிகளைக் கொண்டுவரும் திட்டத்தைப் பிலிப்பீன்ஸ் அரசு தொடங்கியது. புதிய வண்டியின் விலை தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று ஓட்டுநர்கள் பலர் வருந்துகின்றனர்.

மலேசியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பழைய இராணுவ லாரிகள் காட்டு மரங்களை ஏற்றி மேடுபள்ளமான பாதைகளில் ஓடின. 'மலையரசன்' என்னும் பொருள்பட, மக்கள் அவற்றைச் 'சான் தாய் வோங்' என்று சீன மொழியில் அழைத்தனர்.

மாறாத துப்பாக்கி

வண்டியைப் போலவே துப்பாக்கியும் உபரியாக விற்கப்பட்டது. ஐரோப்பாவில் குவிந்திருந்த பழைய துப்பாக்கிகளை வணிகர்கள் மொத்தமாக வாங்கினர். அமெரிக்காவில் அஞ்சல்வழி விற்றனர். 1963ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பயன்பட்டது இத்தாலிய இராணுவத்தின் உபரித் துப்பாக்கி என்பதை விசாரணை ஆணையம் கண்டறிந்தது. குறிபார்க்கும் கருவியோடு அதன் விலை 20 டாலருக்கும் குறைவு! 1968ஆம் ஆண்டு அமெரிக்கா சட்டம் இயற்றி, அஞ்சல்வழித் துப்பாக்கி விற்பனையையும் உபரி இராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் கட்டுப்படுத்தியது.

உலக அளவில் கட்டுப்பாடு வர இன்னும் நெடுங்காலம் ஆனது. ஆயுத வணிக ஒப்பந்தத்தை ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில்தான் ஏற்றது. ஆயுதங்களை விற்கும் நாடு, அவை எவர் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது.

வண்டியின் கூரையை மாற்றலாம்; இருக்கையை மாற்றலாம்; வீரரை ஏற்றிய வண்டியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாம். துப்பாக்கியோ யார் கைக்குப் போனாலும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே, மிஞ்சிய பொருளை விற்பவர் அதன் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அது நாளை என்ன செய்யும் என்பதையும் பார்க்க வேண்டும்.