பனிக்காட்டில் நடந்த வானிலை யுத்தம்

ஈ காக்கை இல்லாத பனிக்காட்டுக்கு எதற்கு அடிதடி? இரண்டாம் உலகப் போர் சொன்ன பதில், வானிலை. ஐரோப்பாவின் புயலும் மேகமும் பெரும்பாலும் மேற்கு, வடமேற்குத் திசைகளிலிருந்தே வருகின்றன. கிரீன்லாந்திலும் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலும் காற்றழுத்தம் பார்க்க ஆள் வைத்திருப்பவருக்கு, விமானத்தை எப்போது கிளப்பலாம், கப்பலை எப்போது மூடுபனியில் மறைத்து ஓட்டலாம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இதற்காக ஜெர்மனி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1943 அக்டோபரில் யு-537 நீர்மூழ்கிக் கப்பல் வட அமெரிக்காவின் லாப்ரடார் கரையில் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை ரகசியமாக நிறுத்தியது. வரிசையாக இரும்பு உருளைகள், உள்ளே பேட்டரிகள், மேலே ஆன்டெனா. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தகவல் தானாகப் பறக்கும். யாராவது பார்த்தால் சந்தேகம் வரக்கூடாதே! சுற்றிலும் அமெரிக்க சிகரெட் பெட்டிகளை இறைத்துவிட்டு, உருளையில் கனடா வானிலைச் சேவை என்பதுபோல ஒரு பெயரையும் எழுதி வைத்தார்கள். அப்போது லாப்ரடார் கனடாவிலேயே இல்லை, 1949-இல்தான் சேர்ந்தது. சில வாரங்களில் நிலையம் ஊமையானது. அது ஜெர்மானியர் வேலை என்று தெரியவே 1981 ஆனது.

ஸ்வால்பார்டில் 11 பேர் கொண்ட ஜெர்மன் குழு 1944 செப்டம்பர் முதல் வானிலை அனுப்பிக்கொண்டிருந்தது. 1945 மே மாதம் நாடே சரணடைந்த பிறகும் இவர்களைக் கூட்டிப்போக நாதியில்லை. செப்டம்பர் 4 அன்று சீல் வேட்டைக்குப் போகும் நார்வேக் கப்பல் ஒன்று வந்தது. அதன் கேப்டனிடம் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள்.

இன்று துருவம் என்றால் ஏவுகணை, கனிமம், கப்பல் பாதை என்கிறார்கள் நிபுணர்கள். அதுவும் உண்மைதான். என் கவலை வேறு. போர் மூண்டால் முதலில் ஒளித்துவைக்கப்படுவது வானிலைத் தகவல். 2022-இல் உக்ரைன் போர் பெரிதானதும், ஆர்க்டிக் கரையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் ரஷ்யாவுடன் மேற்கு நாடுகளின் ஆய்வுக் கூட்டுறவு பெருமளவு நின்றுபோனது. பனி உருகுவதை ஒரு பக்கம் மட்டும் பார்த்து எப்படிக் கணிப்பது?

இதில் நமக்கும் பங்குண்டு. ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இருக்கிறது. நம் பருவமழைக்கும் ஆர்க்டிக்குக்கும் என்ன தொடர்பு என்பதும் இந்திய விஞ்ஞானிகள் தேடும் விடைகளில் ஒன்று. அந்தத் தீவுகளைப் போருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் 1920 ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. யார் யாரோடு சண்டையிட்டாலும் துருவ வானிலைத் தகவல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று டெல்லி உரக்கக் கேட்க வேண்டும்.