அக்குள் நெறியும் நியூயார்க் கணக்கும்

அக்குள்ல வீங்கினா நம்ம ஊர்ல "நெறி கட்டியிருக்கு" என்போம். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். நிணநீர் முடிச்சுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனா நெறி தட்டுப்படலைன்னா நோய் பரவலைன்னு அர்த்தமில்லை. சின்னப் பரவல் விரலுக்குச் சிக்காது, ஸ்கேனும் தவறவிடலாம்.

அப்போ எல்லா முடிச்சையும் எடுத்துடலாமே? முன்பு அதுதான் வழக்கம். ஆனால் சிலருக்கு அதனால் கை வீங்கி, பல வருஷம் படுத்தும். பாகூர் வயல்ல நாற்று நடுற பெண்ணுக்குக் கைதான் கூலி. அதனால் இப்போது நீலச் சாயம் போட்டு, அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். காவல் முடிச்சு என்று சொல்லலாம்.

எடுக்கும் முன்பே வாய்ப்பைக் கணிக்க முடியுமா? 2007-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை ஒரு கணக்கை வெளியிட்டது. வயது, கட்டியின் அளவு, இருக்கும் இடம், நுண்குழாய்க்குள் நோய் புகுந்திருக்கிறதா போன்ற விவரங்களைக் கொடுத்தால் சதவீதம் சொல்லும். அதன் திறன் சுமார் 0.75. அதாவது, நோய் பரவிய ஒருவரையும் பரவாத ஒருவரையும் காட்டினால், நூற்றுக்கு 75 தடவை பரவியவருக்கே கூடுதல் எண் தரும்.

இங்கேதான் சிக்கல். பூஜ்யம் நகர்ந்த தராசு எது கனம்னு சரியாச் சொல்லும். எத்தனை கிலோன்னு தப்பாச் சொல்லும். அங்கே பல கட்டிகள் மேமோகிராமில் சின்னதாகவே சிக்கியவை. வில்லியனூர்ப் பெண் பெரும்பாலும் கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகுதான் வருவார். அவருக்கு "20 சதவீதம்" என்றால் அது உண்மையில் 20 தானா? எண் குறைவாக வந்தால் பரவல் தவறிப்போகும். கூடுதலாக வந்தால் வீணாகக் கை வீங்கும்.

சோதிக்க வழி உண்டு. கோரிமேடு ஜிப்மர் மாதிரி இடத்தில் ஏற்கெனவே அறுவை முடிந்தவர்களில், கணக்கு 20 சதவீதம் சொல்லும் நூறு பேரை எடுங்கள். எத்தனை பேருக்கு முடிச்சில் நோய் இருந்தது? 35 என்றால் கணக்கை நம்ம ஊருக்குத் திருத்தணும். திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது.

ஒன்று மட்டும் எந்த ஊருக்கும் பொது: கட்டி பெருசாக ஆக, பரவும் வாய்ப்பும் கூடும். அதனால "வலிக்கலையே, நெறியும் கட்டலையே"ன்னு காத்திருக்காதீங்க. கட்டி தட்டுப்பட்ட வாரமே காட்டிடுங்க.