ஓர் உருது நாடகமும் மூன்று பெண்களும்

ரயில்வே வேலையில் வடக்கே பல ஊர் சுற்றியதில் இந்தி பழகிவிட்டது. ஆகவே உருது நாடகம் பார்ப்பதில் எனக்குச் சிரமமில்லை. 'ஜிந்தகி குல்ஜார் ஹை' 2012-ல் பாகிஸ்தானில் தொடங்கி, 2014-ல் ஜிந்தகி சானல் வழியே நம் வீடுகளுக்கு வந்தது. 'வாழ்க்கை ஒரு பூந்தோட்டம்' என்று பொருள். கதை உமைரா அகமது, இயக்கம் சுல்தானா சித்திக்கி. இருபத்தாறே பகுதிகளில் முடிந்துவிடுகிறது. நம் நெடுந்தொடர்க்காரர்கள் கவனிக்க!

மூன்றும் பெண்ணாகப் பிறந்ததால் தந்தை வேறு மணம் செய்துகொள்கிறார். தாய் ராஃபியா ஆசிரியை. தனியாக நின்று பெண்களைப் படிக்க வைக்கிறார். மகள் கஷஃப் அரசு அதிகாரியாகி, செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ஜாரூனை மணக்கிறாள்.

சச்சரவு இங்கேதான் ஆரம்பம். மாமியார் கொடுமை இல்லை, வரதட்சிணை இல்லை. 'அப்பாவைப் போல இவனும் ஒருநாள் விட்டுப் போவான்' என்ற பயம் அவளை விடுவதில்லை. அவனுக்கோ, வேலையே கதியென்று இருந்த தன் தாயைப் பற்றிச் சிறு வயதிலிருந்தே மனக்குறை. மனைவி அப்படி இருக்கக்கூடாது என்ற எண்ணம். இருவரும் பிறந்த வீட்டுக் காயத்தைப் புகுந்த வாழ்க்கைக்குள் கொண்டுவருகிறார்கள்.

மூன்றாவதும் பெண் என்றதும் முகம் சுருங்கிய வீடுகளை நம்மவரிடையிலும் கண்டிருக்கிறேன். கஷஃபுக்குப் பிறப்பவை இரட்டைக் குழந்தைகள், இரண்டும் பெண். ஜாரூன் பூரித்துப் போகிறான்.