இறந்தும் போரிடும் சாமுராய்: 'ஓட்டோகி' வீடியோ கேம் மீண்டது எப்படி?

ஐரோலி (நவி மும்பை): வட்டில் வாங்கிய வீடியோ கேம்களின் இடத்தை இன்று இணையப் பதிவிறக்கம் பிடித்துவிட்டது. கேம்கள் இப்போது ஐரோலியில் உள்ளவை போன்ற தரவு மையங்களின் சர்வர்களை நம்பியுள்ளன. பணம் கொடுத்து வாங்கிய கேம் எத்தனை காலம் நிலைக்கும்? 2002-ல் வெளியான 'ஓட்டோகி' என்ற ஜப்பானிய கேமின் வரலாறு இதை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

கதை என்ன?

ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இந்த வாள்வீச்சு கேமின் நாயகன் ராய்கோ, சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே சிக்கிய சாமுராய். தந்தையைக் கொல்லுமாறு இடப்பட்ட ஆணையை மீறித் தப்பியவன். பேய்களை வென்றவராகப் பழங்கதைகள் போற்றும் மினமோட்டோ நோ யோரிமிட்சு (948-1021) என்ற வீரரின் மறுபெயரே ராய்கோ.

நாயகனின் மந்திர ஆற்றல் இடைவிடாமல் குறையும். அது தீர்ந்தால் உயிராற்றலும் சரியும். எதிரிகளை வீழ்த்தினால் ஆற்றல் மீளும். ஆகவே, ஆடுபவர் ஓய்ந்து நிற்க முடியாது.

ஏன் முடங்கியது?

ஓட்டோகி, மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸுக்கு மட்டுமே உருவாக்கப்பட்டது. அக்கருவியில் இருந்தது இன்டெல் செயலி. இந்தியாவில் 2006-ல் அறிமுகமான எக்ஸ்பாக்ஸ் 360-ல் முற்றிலும் வேறு வகைச் செயலி இடம்பெற்றது. ஒரு செயலிக்காக எழுதப்பட்ட கட்டளைகளை மற்றொன்று நேரடியாகப் புரிந்துகொள்ளாது.

மீண்டது எப்படி?

பழைய கருவியைப் போலவே இயங்கும் 'எமுலேட்டர்' மென்பொருள் இதற்குத் தீர்வானது. 2021 நவம்பர் 15-ல் மைக்ரோசாஃப்ட், ஓட்டோகியின் இரு பாகங்கள் உட்பட 70-க்கும் மேற்பட்ட பழைய கேம்களைப் புதிய கருவிகளில் இயங்கச் செய்தது. உரிமம், சட்டம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் தடைகளால் இதுவே கடைசித் தொகுப்பு என்றும் அறிவித்தது. தொழில்நுட்பம் இருந்தும் உரிமையாளரின் அனுமதி இல்லையேல் கேம் மீளாது என்பதே இதன் பொருள்.

எல்லாக் கேம்களுக்கும் இந்த வாய்ப்பு கிட்டவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியானவற்றில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் தெரிவித்தது. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கேம், 2024 மார்ச் 31-ல் சர்வர்கள் நிறுத்தப்பட்டதும் வாங்கியவர்களுக்கும் பயனற்றுப் போனது.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், இழப்பு அல்லது சேதத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்புக்காக நகல் எடுக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு இடமளிக்கிறது. வட்டு வைத்திருப்பவருக்கு இது பயன்படும். ஆனால், சர்வர் சார்ந்த கேமின் முக்கியப் பகுதி நிறுவனத்திடமே இருப்பதால், வாங்கியவர் நகல் எடுத்துக் காக்க வழியில்லை.