உங்களுக்குத் தெரியுமா? மூலத்தை மறைத்த வாழ்க்கைக் குறிப்புகள்

ஒரு பிரபலத்தின் பெயரை இணையத்தில் தேடினால், நாலைந்து தளங்களில் ஒரே வாழ்க்கைக் குறிப்பு ஒரே பிழையோடு வருகிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதும் கலைக்களஞ்சியங்கள் பற்றிச் சில தகவல்கள்:

● 1975-இல் வெளியான நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லில்லியன் வர்ஜீனியா மவுன்ட்வீஸல் என்ற புகைப்படக் கலைஞர் இடம்பெற்றார். 1942-இல் ஒஹாயோவில் பிறந்தவர், கிராமத்துத் தபால் பெட்டிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர், வெடிவிபத்தில் இறந்தவர் என்றது குறிப்பு. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! காப்பியடிப்பவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்த பொறி அது என்று ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார்.

● 'கொலம்போ' தொலைக்காட்சித் தொடரின் போலீஸ் அதிகாரிக்கு 'பிலிப்' என்று வேண்டுமென்றே ஒரு பொய்யான முதற்பெயரைத் தன் துணுக்குக் களஞ்சியத்தில் சேர்த்தார் ஃப்ரெட் வொர்த். 'ட்ரிவியல் பர்சூட்' வினாடி வினா விளையாட்டிலும் அதே பெயர் வந்தது. 1984-இல் விளையாட்டை உருவாக்கியவர்கள்மீது வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவல் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்பதே காரணம்.

● ஒரு நடிகரின் பிறந்த தேதியையோ படப் பட்டியலையோ யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதைச் சொல்லும் வாக்கியங்கள்தான் எழுதியவருக்குச் சொந்தம்.

● விக்கிப்பீடியாவிலிருந்து கட்டுரையை முழுதாக எடுத்துப் போடுவதுகூடக் குற்றமில்லை. ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 1911-ஆம் ஆண்டு பிரிட்டானிகாவிலிருந்து எடுத்த கட்டுரைகளின் அடியில் விக்கிப்பீடியாவும் அதைக் குறிப்பிடுகிறது.

● சீனாவின் 'பைடு பைக்' கலைக்களஞ்சியம் 2006-இல் தொடங்கியது. சீன விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை மூலம் சொல்லாமல் எடுத்ததாக, அடுத்த ஆண்டே விக்கிமீடியா அறக்கட்டளையின் தலைவர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

● அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர், ராபர்ட் கென்னடியின் உதவியாளராக இருந்தவர். கென்னடியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். 2005 மே மாதம் யாரோ விக்கிப்பீடியாவில், கென்னடி சகோதரர்கள் இருவரின் கொலையிலும் சீகன்தாலருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்டதாக எழுதிவிட்டார்கள். ஏறக்குறைய நான்கு மாதம் அது யார் கண்ணிலும் படவில்லை. அக்டோபரில் விக்கிப்பீடியா நீக்கிய பிறகும், அதை எடுத்துப் போட்டிருந்த ஆன்சர்ஸ்.காம், ரெஃபரன்ஸ்.காம் தளங்களில் மேலும் மூன்று வாரம் அந்தப் பொய் அப்படியே இருந்தது.

● பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ரோனி ஹேசில்ஹர்ஸ்ட் 2007-இல் காலமானபோது, 'ரீச்' என்ற பாப் பாடலிலும் அவருக்குப் பங்குண்டு என்று பிபிசி, கார்டியன் உள்ளிட்ட ஊடகங்கள் அஞ்சலி செலுத்தின. அது விக்கிப்பீடியாவில் யாரோ நுழைத்த பொய். விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக எந்த அஞ்சலியும் சொல்லவில்லை.

● 2025 அக்டோபரில் ஈலான் மஸ்க்கின் நிறுவனம் தொடங்கிய 'குரோக்கிப்பீடியா'வில் பல பக்கங்கள் விக்கிப்பீடியாவோடு ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்திருந்தன. அவற்றில் பலவற்றின் அடியில் 'விக்கிப்பீடியாவிலிருந்து தழுவியது' என்ற குறிப்பும் இருந்தது.

● இரண்டு தளங்கள் ஒன்றையே சொன்னால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் திருத்த வரலாறு உண்டு. சந்தேகத்துக்குரிய வரி எப்போது நுழைந்தது எனப் பாருங்கள். மற்ற தளத்தின் கட்டுரை அதற்குப் பிறகு வந்ததென்றால் சாட்சி ஒன்றாகவே இருக்கலாம். மூலத்தைச் சொல்லும் தளத்தில், மூலத்தில் திருத்திய பிழையைத் தானும் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஒருவருடைய நற்பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் 'எங்கிருந்து எடுத்தீர்கள்?' என்று கேட்பது வாசகரின் உரிமை.