தளிர்கள் சுமக்கும் பாரம்

'அகதி' என்னும் சொல் செல்லும் வழியும் சேரும் புகலும் அற்றவரைக் குறிக்கும். பெற்றோர் அகதியராயின் அவர்தம் பிள்ளைகளின் நிலை யாது? சிரியாவினின்று லெபனான் நாட்டிற்குப் பெயர்ந்த சிறாரின் வாழ்வைக் கொண்டு இதனை ஈண்டுக் காண்போம்.

கூடார வாழ்வு

2011 மார்ச்சுத் திங்களில் சிரியாவில் எழுந்த கிளர்ச்சி உள்நாட்டுப் போராக மூண்டது. 2014 ஏப்ரல் திங்களில், லெபனானில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிவு செய்துகொண்ட சிரியர் தொகை 10 இலட்சத்தை எட்டியது. அவர்களுக்கென முறையான முகாம்களை அந்நாட்டு அரசு அமைக்கவில்லை. ஆகவே பலர் பெக்கா பள்ளத்தாக்கின் வயல்களில் வாடகைக்கு இடம் பெற்று, மரச்சட்டங்களின்மீது தார்ப்பாய் விரித்துக் கூடாரம் அமைத்தனர்.

அத்தகைய குடியிருப்புகளில் 'ஷாவீஷ்' எனப்படும் தரகர் இருப்பார். வாடகை தண்டுபவரும், வயலுக்கு ஆள் அனுப்புபவரும், கூலியில் ஒரு பங்கைப் பெறுபவரும் அவரே. உருளைக்கிழங்கு அறுவடைக் காலத்தில் சிறுவர் சிறுமியர் விடியலிலேயே சரக்குந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். வாடகை நிலுவை மிகுந்தபோது பிள்ளையின் உழைப்பே கடனுக்கு ஈடாயிற்று.

காரணம் யாது?

பெற்றோர் இருக்கப் பிள்ளை உழைப்பதேன் என நாம் வினவலாம். வறுமை மட்டுமே இதற்கு விடையன்று. 2015 சனவரித் திங்களில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 15 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் 200 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. 2017இல் ஒரு சாராருக்கு இக்கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும் பலர் அனுமதியின்றியே வாழ்ந்தனர். அனுமதியற்ற தந்தை சோதனைச்சாவடிக்கு அஞ்சிக் கூடாரத்துள் முடங்கினார். சிறுவரையோ காவலர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. தந்தைக்கு அடைபட்ட வழியில் பிள்ளை நடக்கலாயிற்று.

எட்டாத பள்ளி

அரசுப் பள்ளிகளில் சிரியச் சிறாருக்கெனப் பிற்பகல் வகுப்புகள் தொடங்கப்பட்டது பாராட்டுதற்குரியது. எனினும், காலை முதல் வயலில் குனிந்து உழைத்த பிள்ளைக்குப் பிற்பகலில் ஏது வலிமை? மேலும், சிரியாவில் அரபு மொழியில் பயின்ற கணக்கையும் அறிவியலையும் லெபனானில் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கற்க வேண்டியிருந்தது. சிறாரைச் சுரண்டலினின்று காக்கும் ஐ.நா. உடன்படிக்கையை (1989) லெபனான் 1991இலேயே ஏற்றது என்பதை இங்கு நினைத்தல் தகும்.

நம்பிக்கை

ஆசிரியராக வேண்டும், மருத்துவராக வேண்டும் என்பனவே இச்சிறாரின் கனவுகள். தகுந்த வழி திறப்பின் அவை கைகூடும் என்பதற்குச் சான்றும் உண்டு. பெய்ரூத் நகரில் கூலிக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் வேலை செய்த சிரியச் சிறுவன் ஸெயின் அல் ரஃபீஆ, 'கஃபர்நாஹூம்' என்னும் திரைப்படத்தில் நடித்தான். அப்படம் 2018இல் கேன் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. அதே ஆண்டில் நார்வே நாடு அவன் குடும்பத்திற்குக் குடியிருக்க இடமளித்தது. அதன் பின்னரே அவன் பள்ளி சென்றான். திரைப்புகழ் வாய்க்காத மற்றைச் சிறாருக்கு அத்தகைய கதவு திறப்பது அரிது.

2024 டிசம்பர் 8இல் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தது. பல குடும்பங்கள் தாயகம் திரும்பின. ஆயினும் வயலில் கழிந்த கல்வியாண்டுகள் தாமாகத் திரும்பா. அவற்றை ஈடுசெய்யும் தனி வகுப்புகள் வேண்டும்.

உதவ முன்வரும் நல்லோர் பிள்ளைக்குப் புத்தகப்பை வழங்குதல் நன்று. அதன் தந்தை அச்சமின்றி உழைத்து உண்ணும் உரிமை பெறத் துணைநிற்றல் அதனினும் நன்று. தந்தையின் வழி திறந்தாலன்றிப் பிள்ளையின் தோளினின்று பாரம் இறங்காது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.