தராசில் பிடிபட்ட அணு



இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர் ஜான் டால்டன். 1787 முதல் 1844-இல் இறக்கும் வரை வானிலையைக் குறித்து வைத்தவர். காற்றைப் பற்றிய அந்த ஆர்வம்தான் அவரை அணுவிடம் கொண்டு சேர்த்தது.

வாயுக்கள் உருவாகும் எடைக்கணக்கைப் பாருங்கள். 12 கிராம் கார்பனோடு 16 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால், உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு. அதே அளவு கார்பனோடு 32 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால், நாம் வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டைஆக்சைடு. ஆக்சிஜன் சரியாக இரண்டு மடங்கு!

ஏன் இப்படி? அரை அணு, கால் அணு என்று எதுவும் சேர்வதில்லை; முழு அணுக்களாகத்தான் சேர்கின்றன என்றார் டால்டன். 1803-இல் அணு எடைகளைப் பட்டியலிட்டார். கண்ணுக்கே தெரியாத அணுவை எடைக்கணக்கில் கொண்டுவந்த பெருமை அவருக்கே உரியது.